தாயையும் தமிழையும் பேணிய வைத்தியர்

மட்டக்களப்பு வாவியை அடுத்துள்ள சிற்றூர் அமிர்தகழி. மாமாங்கேசுவரர் ஆலயமும் அதன் தீர்த்தக் குளமும் இவ்வூருக்குப் புகழ் தந்தவை. ஆடி அமாவாசை நாளிலே, தந்தையை இழந்தோர் கிழக்குக் கரையின் பல ஊர்களிலிருந்தும் இங்கு வந்து நீராடிப் பிதிர்க்கடன் செலுத்துவர். தாயை இழந்தோர் விரதங் காக்கும் நாள் சித்திரைப் பூரணை. இவ்விரு நாள்களையும் ஆண்டுதோறும் கண்டு வளர்ந்தவன் நான். சித்திரைப் பூரணையன்று விரதமிருந்த முதியோருள், தம்மைப் பெற்றவளின் முகத்தையே கண்டறியாதாரும் சிலர் இருந்தனர். அவர்கள் பிறந்த நாளும் அவர்தம் தாயார் மறைந்த நாளும் ஒன்றாகவோ, ஒரு கிழமைக்குள் அடுத்தடுத்தோ அமைந்துவிட்டன. என் தாய்வழிப் பாட்டியாரின் தலைமுறையில் இது வியப்பான செய்தியன்று. பிள்ளைப்பேறு என்பது பெண்ணுக்கு மறுபிறப்பு என்று நம் முன்னோர் கூறியது உவமையாக அன்று, கண்ட உண்மையாகவே.

இத்துயரை நீக்கும் அறிவைத் தமிழ் மொழியிலே, அச்சிட்ட நூலாக, இற்றைக்கு நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னரே நமக்கு அளிக்க முயன்றவர் ஒருவர் உளர். அவர் தமிழர் அல்லர். ஈழத்திற் பிறந்தவரும் அல்லர். அமெரிக்க நாட்டின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில், 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 10ஆந் திகதி பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பவரே அவர். கலைச்சொல்லாக்கத்தின் முன்னோடி என்ற அளவில் தமிழாசிரியர் பலரும் அவரை அறிவர். பிள்ளை பெறும் பெண்ணுக்காகவும் அவர் தமிழைக் கருவியாகக் கொண்டார் என்பதைச் சிலரே நினைவிற் கொண்டுள்ளனர். அவ்வொரு பகுதியை முதன்மையாகக் கொண்டு அவர் வாழ்க்கையை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

அவர் வருவதற்கு முன்னர் நம்மூர்களில் நிலைமை யாது என்பதை முதலிற் காண்போம். மட்டக்களப்புப் பகுதி தாய்வழிக் குடிமரபு வழங்கும் நாடு. வீடு பெண்ணுக்குரியது, மணமகன் மனைவி வீட்டுக்கு வந்து வாழ்வான். ஆகவே பெண்ணொருத்தி பிள்ளை பெறுவது பெரும்பாலும் தன் தாய் கண்முன்னே, தான் பிறந்து வளர்ந்த சூழலிலேயே. இஃது ஒரு பெரும் பேறு. அவளுக்குத் துணை நிற்பவள் ஊர் மருத்துவிச்சி. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஏந்திய கைகள் அவளுடையவை. வயிற்றைத் தடவிப் பார்த்தே பிள்ளையின் தலை எங்கேயுள்ளது என்று உரைப்பாள். நோவெடுக்கும் பெண்ணுக்குத் தைரியம் சொல்வாள். பிள்ளை பிறந்த பின்னர் மஞ்சளும் மிளகும் சீரகமும் உள்ளியும் சேர்ந்த காயம் அரைப்பதும், இலை அவித்த வெந்நீர் வார்ப்பதும், முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழியும் வரை தாயையும் சேயையும் கண்காணிப்பதும் மூத்த பெண்களும் அவளும் கூடிச் செய்யும் பணிகள்.

இம்முறையை இழித்துரைப்பது அறிவீனம். எவ்விடரும் நேராத பேறுகாலத்தில் அன்பும் அனுபவமும் ஓய்வும் போதுமானவை. அவை மூன்றும் அங்கே இருந்தன. ஆயின், பிள்ளை குறுக்கே கிடந்தாலோ, நச்சுக்கொடி விழாமல் இரத்தம் பெருகினாலோ, வலிப்புக் கண்டாலோ, மூன்றாம் நாள் காய்ச்சல் தொடங்கினாலோ, மருத்துவிச்சியின் அறிவு எல்லை கண்டுவிடும். அதற்கப்பால் நேர்த்திக்கடனும் கண்ணீருமே எஞ்சும். அவள் கற்றதும் அவளோடு மறையும். எழுத்தறியாத அவளால் அதனை ஏட்டில் ஏற்றி வைக்க இயலவில்லை.

மேல்நாடுகளில் இந்நிலை பெரிதும் மேம்பட்டிருந்தது என்று எவரேனும் கருதின், அது பொருந்தாது. 1843ஆம் ஆண்டில், கிறீன் மருத்துவ மாணவராயிருந்த காலத்தில், பொஸ்ரன் நகரத்து ஒலிவர் வென்டல் ஹோம்ஸ் என்னும் மருத்துவர், பிரசவக் காய்ச்சலை ஒரு தாயிடமிருந்து மற்றொரு தாய்க்குக் கொண்டுசெல்வோர் மருத்துவரும் தாதியருமே என்று கட்டுரை எழுதினார். மூத்த பேராசிரியர் சிலர் அவர்மீது சினங்கொண்டனர். 1847இல், வியன்னா நகரத்துப் பெரிய வைத்தியசாலையில் செமெல்வைஸ் என்னும் இளைஞர் ஒரு வேறுபாட்டைக் கண்டு திகைத்தார். மருத்துவ மாணவர் பணிபுரிந்த பிரசவ விடுதியில் தாய்மார் மிகுதியாக இறந்தனர். மருத்துவிச்சிகள் பணிபுரிந்த விடுதியிலோ அதைவிட மிகக் குறைவாகவே இறந்தனர். பிணங்களை அறுத்துப் பார்த்த கைகளோடு மாணவர் நேரே தாய்மாரிடம் வருவதே காரணம் என்று தெளிந்த அவர், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிற் கை கழுவுமாறு கட்டளையிட்டார். அவ்வாண்டு ஏப்பிரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த மரணம், யூன் மாதத்தில் நூற்றுக்கு இரண்டளவாகக் குறைந்தது. எனினும் அறிஞர் உலகம் அவரை ஏற்கவில்லை. 1865இல் மனநோய் விடுதியொன்றில் அவர் உயிர் பிரிந்தது. வியன்னாவிலே கூட, தாய்க்குத் தீங்கு செய்தது மருத்துவிச்சியின் கையன்று என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

செமெல்வைஸ் கை கழுவச் சொன்ன அதே 1847ஆம் ஆண்டிலேதான் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். நியூயோர்க் நகரத்து மருத்துவர் அறுவை வைத்தியர் கல்லூரியிற் பயின்று 1845இற் பட்டம் பெற்றவர் அவர். வயது இருபத்தைந்து. அமெரிக்க மிஷன் 1816 தொடக்கம் யாழ்ப்பாணத்தில் இயங்கி வந்தது. 1819இல் வந்த ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் வைத்திய ஊழியத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் வேலூரிலே பெண்களுக்கென மருத்துவமனையும் கல்லூரியும் நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் அவருடைய பேர்த்தியே. ஸ்கடர் இட்ட அடித்தளத்தின்மீது கட்ட வந்தவர் கிறீன். முதலில் வட்டுக்கோட்டையில் தங்கிய அவர், 1848இல் மானிப்பாய்க்குச் சென்று வைத்தியசாலை அமைத்தார். அவ்வாண்டிலேயே மூன்று மாணவரைக் கொண்டு மருத்துவ வகுப்பையும் தொடங்கினார்.

ஓர் ஒற்றுமை இவ்விடத்தில் என் நெஞ்சைக் கவர்கின்றது. கிறீன் பிறந்த 1822ஆம் ஆண்டிலேயே நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்தார். கிறீன் மானிப்பாயில் வகுப்புத் தொடங்கிய 1848ஆம் ஆண்டிலேயே நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். இருவரும் சமயத்தால் எதிரெதிரே நின்றவர்கள். கிறீனின் நோக்கம் மருத்துவத்தோடு தம் மதத்தையும் பரப்புதல். நாவலரின் நோக்கம் அதனைத் தடுத்துச் சைவத்தை நிலைநிறுத்துதல். ஆயினும் இருவரும் கைக்கொண்ட கருவி ஒன்றே. அது தமிழ் உரைநடை. செய்யுளிலும் உரையாசிரியர் நடையிலும் நெடுங்காலம் உறைந்திருந்த மொழியைச் சிறு பிள்ளையும் படிக்கும் வசனமாக்கினார் நாவலர். அவ்வசனத்தை எலும்புக்கும் நரம்புக்கும் கருப்பைக்கும் பழக்கினார் கிறீன். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடை வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் முன்னவரைப் போற்றுகின்றனர், அது தகும். பின்னவருக்கும் அவ்வரலாற்றில் ஒரு பக்கம் உரியது என்பேன்.

கிறீன் முதற் பத்தாண்டில் மாணவருக்கு ஆங்கிலத்திலேயே கற்பித்தார். வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலமும் விஞ்ஞானமும் பயின்ற இளைஞர் அவருக்குக் கிடைத்தனர். நோயாளர் கூட்டங் கூட்டமாக வந்தனர். கண்ணோய்க்கும் கட்டிக்கும் முறிவுக்கும் அவருடைய கைத்திறன் விரைவிலே பேர் பெற்றது. ஆயின், ஒரு வாசல் மட்டும் அவருக்கு எளிதில் திறக்கவில்லை. அது பிள்ளை பெறும் அறையின் வாசல்.

இதற்கு நம் மக்களைக் குறை கூறுவதிற் பயனில்லை. ஆடவர் எவரும் புகாத இடம் அது. கணவனே முற்றத்தில் நின்று காத்திருக்கும்போது, வேற்று நாட்டு ஆடவரை உள்ளே அழைப்பது எங்ஙனம்? மருத்துவிச்சி கைவிரித்து, இரவும் பகலும் கழிந்து, பெண் சோர்ந்து வீழ்ந்த பின்னரே வைத்தியரைத் தேடி ஆள் ஓடுவான். அவர் செல்லும்போது காலம் பெரும்பாலும் கடந்திருக்கும். அக்காலத்தில் ஈழத்திலும் இந்தியாவிலும் ஊழியஞ் செய்த ஆண் வைத்தியர் எல்லோரும் எதிர்கொண்ட இடர் இது. ஐடா ஸ்கடர் மருத்துவம் பயில முடிவு செய்ததற்கும் இவ்விடரே காரணமாயிற்று. பிள்ளைப்பேற்றில் இடருற்ற மூன்று பெண்களின் வீட்டார், ஆண் வைத்தியரை அனுமதியாமல் அவளை அழைத்து, அவளால் உதவ இயலாது போக, மூவரும் ஒரே இரவில் மாண்ட செய்தி வேலூர் வரலாற்றில் யாவரும் அறிந்தது.

தாமே சென்று காக்க இயலாத தாய்மாரை எவ்வாறு காப்பது? கிறீன் கண்ட வழி கல்வி. அந்நாட்டு மக்களோடு பிறந்து, அவர் மொழி பேசி, அவர் வீட்டுத் திண்ணையில் அமரக்கூடிய வைத்தியர் ஊர்தோறும் இருத்தல் வேண்டும். அவருக்கு நூல் வேண்டும். 1850களில் அவர் கற்றர் என்பாரின் உடற்கூற்று நூலைத் தமிழாக்கினார். அதனையடுத்து அவர் கைக்கொண்டது பிள்ளைப்பேற்று நூல் என்பது கருதத்தக்கது. அறுவை வைத்தியமும் இரசாயனமும் பொது மருத்துவமும் பின்னரே வந்தன. 1857இல் 'பிரசவ வைத்தியம்' என்னும் பெயரோடு அந்நூல் வெளிவந்தது.

அதன் மூலநூலாசிரியர் அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரத்து மோன்செல். 1834இல் அவர் எழுதிய மகப்பேற்று நூல் ஆங்கில நாடுகளில் மாணவர் கைந்நூலாக விளங்கியது. அதன் அமெரிக்கப் பதிப்பை 1842இல் குறிப்புகளோடு வெளியிட்ட கில்மன் என்பவர், கிறீன் பயின்ற கல்லூரியிலேயே மகப்பேற்றியற் பேராசிரியராக இருந்தவர். டப்ளினிற் பிறந்து, நியூயோர்க்கில் வளர்ந்து, மானிப்பாயிலே தமிழ் உடுத்தது அந்நூல்.

இடுப்பெலும்பின் அமைப்பு, கருவின் வளர்ச்சி, பிள்ளை கிடக்கும் நிலைகள், நோவின் படிமுறைகள், நச்சுக்கொடி பிரிதல், இரத்தப் பெருக்கு, இரட்டைப் பிள்ளை, வலிப்பு, பிரசவத்தின் பின் வருங் காய்ச்சல், பிறந்த சிசுவைப் பேணல் ஆகியவை மகப்பேற்றுக் கல்வி ஆராயும் பொருள்கள். இவற்றையெல்லாம் தமிழிற் சொல்லுதல் எத்துணை அரிய பணி என்பதை மொழிபெயர்ப்பில் ஒருமுறையேனும் ஈடுபட்டோர் அறிவர். ஒரு சொல் பிழைபட்டால் கவிதையில் நயம் கெடும். இங்கோ உயிர் கெடும். எந்த நிலையிற் பொறுத்திருத்தல் வேண்டும், எந்த நிலையிற் கை வைத்தல் வேண்டும் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாதல் வேண்டும்.

கிறீன் சொற்களைத் தேடிய முறை இன்றும் நமக்குப் பாடமாகத்தக்கது. மக்கள் வழக்கிலும் பழைய வைத்திய நூல்களிலும் உள்ள சொல்லை எடுத்தார்; கிடைக்காதவிடத்து வடமொழியை நாடினார்; அதுவும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழொலிக்கு ஏற்ப மாற்றினார். உடற்கூற்றியலுக்கு 'அங்காதிபாதம்' என்ற பெயரை நோக்குக. கேசாதிபாதம், பாதாதிகேசம் என்று தெய்வத்தின் திருமேனியை வருணிக்கும் மரபு நம் இலக்கியத்தில் உண்டு. அம்மரபின் சாயலிலே மானிட உடலை உறுப்புறுப்பாக விவரிக்கும் நூலுக்குப் பெயர் அமைந்தமை எத்துணைப் பொருத்தம்! உடற்றொழிலியலுக்குச் 'சுகரணம்', அறுவை மருத்துவத்துக்கு ஊரார் அறிந்த 'இரண வைத்தியம்'. இரசாயன நூலுக்கோ 'கெமிஸ்தம்'. ஆங்கிலச் சொல்லே தமிழ் விகுதி பெற்று நிற்கின்றது. இவற்றுள் சில நிலைத்தன, பல வழக்கொழிந்தன. நிலையாதன பற்றி நகைப்பது எளிது. முதன்முதற் பாதை வெட்டுபவன் கல்லையும் முள்ளையும் அகற்றுகின்றான். அதன்மேல் நடப்பவர்க்கு அவ்வுழைப்புத் தெரிவதில்லை.

பத்தாண்டு உழைப்பின் பின் உடல்நலங் குன்றவே, கிறீன் தாயகம் சென்றார். 1862இல் மாகிறெற் வில்லியம்ஸ் அம்மையாரை மணந்து, அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணம் திரும்பினார். திரும்பியவர் உள்ளத்தில் ஓர் உறுதி பிறந்திருந்தது. ஆங்கிலத்திற் கற்ற மாணவர் பட்டணங்களுக்கும் அரசாங்க உத்தியோகத்துக்கும் சென்றுவிடுவதை அவர் கண்டார். நோயாளரோ கிராமத்தில் இருந்தனர். ஆகவே 1860களின் நடுப்பகுதி தொடக்கம் மருத்துவத்தை முற்றிலும் தமிழிலே கற்பிக்கலானார். மாணவர் ஐரோப்பிய உடை அணிந்து மேல்நாட்டார் போல ஒழுகுவதும் அவருக்கு உவப்பாயில்லை. அவர்கள் தமிழராகவே உடுத்து, உண்டு, தமிழரோடு வாழ வேண்டும் என்று வற்புறுத்தினார். மதம் மாறினும் மரபு மாறலாகாது என்பது அவர் எண்ணம். அவரிடம் பயின்று வைத்தியராயினோர் அறுபதுக்கும் மேற்பட்டவர்; அவருள் முப்பத்து மூவர் தமிழிலேயே பயின்றவர்.

நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1867இல் இரண வைத்தியம், 1872இல் கிறே என்பாரின் பெருநூலைத் தழுவிய மனுஷ அங்காதிபாதம், அவ்வாண்டிலேயே வைத்தியாகரம், 1875இல் கெமிஸ்தம், பின்னர் மனுஷ சுகரணமும் இந்து பதார்த்த சாரமும். மாணவர் சிலர் மொழிபெயர்க்க, கிறீன் வரிதோறும் ஒப்புநோக்கித் திருத்துவார். மொத்தம் 4,000 பக்கங்களுக்கு மேற்பட்ட மருத்துவத் தமிழ் இவ்வாறு உருவாயிற்று. கலைச்சொற்களையும் தொகுத்து வெளியிட்டார்.

இத்துணை புகழுக்குரிய பணியின் குறைகளையும் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. பிரசவ வைத்தியம் வெளிவந்த 1857இல் கிருமிகள் பற்றிய அறிவு உலகில் நிலைபெறவில்லை. செமெல்வைஸ் தம் பெருநூலை வெளியிட்டது 1861இல். லிஸ்டர் கிருமி நீக்கிய அறுவை முறையை அறிவித்தது 1867இல். பாஸ்டர் பிரசவக் காய்ச்சலின் கிருமியைச் சுட்டிக்காட்டியது 1879இல். தொப்புள்கொடியை அறுக்கும் கருவியிலிருந்து சிசுவுக்கு வரும் ஏற்பு வலியின் கிருமி கண்டறியப்பட்டது 1884இல்; அது கிறீன் மறைந்த ஆண்டு. ஆகவே தாயையும் சேயையும் காக்கும் இரண்டு பேருண்மைகள், கழுவிய கையும் அவித்த கத்தியும், அந்நூல் எழுந்த காலத்தில் மருத்துவ உலகின் பொதுவறிவாகவில்லை.

மற்றொரு குறை இதனினும் ஆழமானது. அந்நூலைப் படித்தோர் ஆடவர். பிள்ளையை ஏந்தியவளோ மருத்துவிச்சி; அவள் எழுத்தறியாள். தமிழில் எழுதினால் அறிவு தாய்க்குச் சென்றடையும் என்று கிறீன் கருதினார். மொழியென்னும் மதிலை அவர் தகர்த்தார். ஆயின் அதற்கப்பால் எழுத்தறிவின்மை என்னும் மற்றொரு மதில் நின்றது. அதனைத் தகர்க்கும் பணி பெண்கல்விக்கு உரியது. உடுவிலில் 1824ஆம் ஆண்டிலேயே பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தோன்றியிருந்தது. அத்தகைய பள்ளிகளிற் படித்த பெண்கள் தாதியராகவும் மருத்துவமாதராகவும் பயிற்சி பெறும் காலம் வந்தபோதுதான் கிறீன் தொடங்கிய சங்கிலியின் இறுதிக் கண்ணி பொருந்திற்று.

1873இல் கிறீன் குடும்பத்தோடு வூஸ்டருக்குத் திரும்பினார். நோயுற்ற உடல்; எனினும் தமிழ்ப் பணி ஓயவில்லை. கையெழுத்துப் படிகள் கடல் கடந்து சென்றும் வந்தும் கொண்டிருந்தன. அவருடைய தமையனார் அன்றூ ஹஸ்வெல் கிறீன் நியூயோர்க் நகரின் நடுப் பூங்காவை உருவாக்கிய தலைவர்களுள் ஒருவர். 1898இல் பல ஊர்களை இணைத்து அப்பெருநகரை ஆக்கியதிலும் முன்னின்றவர். அண்ணன் ஒரு மாநகருக்கு உருவந் தந்தார். தம்பியோ ஒரு மொழிக்குப் புதியதொரு துறையைத் தந்தார். 1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆந் திகதி கிறீன் காலமானார். தம் கல்லறையில் தமிழருக்கு வைத்திய ஊழியஞ் செய்தவர் என்பதைப் பொறிக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அவ்வாறே பொறிக்கப்பட்டது.

அவருக்குப் பின் நிகழ்ந்தது யாது? 1870இல் கொழும்பிலே தோன்றிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திற் கற்பித்தது. உத்தியோகமும் மதிப்பும் ஆங்கிலத்தைச் சார்ந்தன. மானிப்பாயின் தமிழ் வகுப்பு மங்கி மறைந்தது. மருத்துவம் விரைந்து முன்னேறும் துறை. பதிப்புகள் புதுக்கப்படாவிடின் எந்நூலும் இருபதாண்டிற் பழையதாகிவிடும். கிறீனின் நூல்கள் நூலகங்களின் அடுக்குகளில் உறங்கின. மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய வைத்தியசாலை நின்றது. நூல்களை நினைப்பார் அருகினர். கவிஞர் அம்பி 1960கள் தொடக்கம் எழுதிய நூல்களே அவரைத் தமிழுலகின் நினைவுக்கு மீட்டுத் தந்தன.

தாய்மாரைக் காக்கும் பணி வேறு வழிகளிற் சென்றது. 1879இல் சார்ல்ஸ் ஹென்றி டி சொய்சா என்னும் வள்ளலின் கொடையால் கொழும்பிலே பிரசவ வைத்தியசாலை எழுந்தது. 1898இல் யாழ்ப்பாணத்து இணுவிலில், பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமெனப் பெண் வைத்தியர் நடத்திய மக்லியோட் வைத்தியசாலை திறக்கப்பட்டது. கிறீனுக்கு மூடியிருந்த வாசல் அங்கே திறந்தது. 1926இல் களுத்துறையில் அரசாங்கம் சுகாதாரப் பகுதியொன்றை அமைத்துப் பயிற்சி பெற்ற மருத்துவமாதரை வீடுதோறும் அனுப்பியது. அம்முறை காலப்போக்கில் இலங்கை முழுவதும் பரவியது.

அதன் பயனை எண்களிற் காண்க. 1930களில் இந்நாட்டில் 1 இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு ஏறத்தாழ 2,000 தாய்மார் மாண்டனர். இக்காலத்தில் அத்தொகை 30ஐ ஒட்டியுள்ளது. பிறந்த சிசுவின் ஏற்பு வலி, தென்கிழக்காசியப் பகுதியில் ஒழிக்கப்பட்ட நிலையை எய்தியதென உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. தாய்க்கு ஏற்றும் தடுப்பூசியும், தூய கருவியும், பயின்ற கைகளும் சேர்ந்து சாதித்த வெற்றி அது.

எங்கள் பகுதி நெடும் போரையும் 2004இல் ஆழிப்பேரலையையும் கண்டது. அவற்றினிடையும் குடும்பநல உத்தியோகத்தர் கர்ப்பவதிகளின் வீடுகளைத் தேடிச் சென்றமையை நான் அறிவேன். பழைய மருத்துவிச்சியின் ஆறுதற் சொல்லும், புதிய மருத்துவத்தின் அறிவும் அப்பெண்களிடம் ஒன்றுகூடின. கர்ப்பவதியின் கையிலே தரப்படும் பதிவட்டை தமிழில் உள்ளது. எப்போது வைத்தியசாலைக்கு விரைய வேண்டும், எவை அபாயக் குறிகள் என்று தாய்க்குத் தமிழிலேயே சொல்லப்படுகின்றது. அவள் தானே படித்தறிகின்றாள். 1857இல் கிறீன் விரும்பியது இதுவே அன்றோ? மருத்துவக் கல்லூரியிலே தமிழ் தோற்றிருக்கலாம்; தாயின் கையிலே அது வென்றுள்ளது.

நிற்க. கலைச்சொல் பற்றி ஒரு சொல் கூறி இக்கட்டுரையை நிறைவு செய்வேன். எங்கள் ஊரிலிருந்து நெடுந்தூரமில்லாத கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை 1929இல் நிறுவியவர் காரைதீவு தந்த சுவாமி விபுலாநந்தர். விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்ற அப்பெரியார், 1936இல் சென்னையில் நிகழ்ந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அதன் பயனாகக் கலைச்சொற்களின் தொகுதி 1938இல் வெளிவந்தது. கிறீனுக்கும் விபுலாநந்தருக்கும் இடையே அரை நூற்றாண்டு இடைவெளி. சமயமும் வேறு, நாடும் வேறு. ஆயினும் கருத்து ஒன்று: மக்கள் அறியாத மொழியில் உள்ள அறிவு மக்களைக் காவாது.

எம் மாணவர் சிலர், விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்ல இயலுமா என்று இன்றும் வினவுகின்றனர். அவர்களிடம் நான் விவாதம் புரிவதில்லை. 1857ஆம் ஆண்டு என்றும், பிரசவ வைத்தியம் என்றும், மானிப்பாய் என்றும் மூன்று சொற்களைக் கரும்பலகையில் எழுதி, அவற்றின் வரலாற்றைக் கூறுகின்றேன். அவ்வரலாற்றைக் கேட்ட மாணவியருள் இருவர் பின்னாளில் தாதியர் பயிற்சிக்குச் சென்றனர். தமிழாசிரியர் யாவரும் தம் வகுப்பிலே ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்குவாராயின், அது மொழிக்கும் நன்மை. நாளை பிள்ளை பெறப்போகும் பெண்களுக்கும் நன்மை.